ஈரோட்டில் பத்து வருடமாக வேர்ட்பிரஸ்: ஓட்டிப் பார்த்தவனின் அனுபவம்

ஈரோடு பெருந்துறை ரோட்டில், ஒரு மாடி அறையில் தனியாளாக வெப்சைட் வேலை பார்க்கிறேன். 2015-ல் முதல் தளத்தை, வெப்சைட் செய்கிற இலவச மென்பொருளான வேர்ட்பிரஸில் செய்துகொடுத்தேன். இன்றைக்கு 41 தளங்கள் என் பராமரிப்பில் ஓடுகின்றன. திருப்பூர் பனியன் கம்பெனிகள், கரூரில் திரைச்சீலை ஏற்றுமதி செய்கிறவர்கள், ஒரு மஞ்சள் மண்டி, சென்னிமலையில் ஒரு பெட்ஷீட் கடை. இந்தத் தொழிலுக்குப் புதிதாக வருகிற தம்பிகள் வேர்ட்பிரஸை நம்பலாமா என்று கேட்கிறார்கள். தாராளமாக நம்பலாம். ஆனால் தளத்தைச் செய்து முடிக்கிற வேலைக்கு மட்டும் விலை சொன்ன முதல் மூன்று வருடமும் என் கையில் காசு நிற்கவே இல்லை. அதை ஓட வைக்கிற வேலைக்கும் விலை சொல்லத் தொடங்கிய பிறகுதான் வாடகையைத் தேதிக்குக் கொடுக்க முடிந்தது.

அந்தப் புத்தி வந்தது 2018-ல். திருப்பூரிலிருந்து ஒரு கம்பெனிக்காரர் கூப்பிட்டார். "தம்பி, ஜெர்மனி பையர் கூகுள்ல நம்ம பேரைத் தேடுனா ஜப்பான் எழுத்தா வருதுங்கறாரு. என்னன்னு பாருங்க." தளத்தைத் திறந்தால் ஒரு குறையும் தெரியவில்லை. ஆட்களுக்கு ஒரு பக்கம், கூகுளுக்கு வேறு பக்கம் காட்டுகிற வைரஸ் அது. விடிய விடியத் தேடி, படங்கள் மட்டுமே இருக்க வேண்டிய அப்லோட்ஸ் ஃபோல்டருக்குள் ஒரு பிஎச்பி ஃபைலை, அதாவது சர்வரில் ஓடுகிற நிரலைக் கண்டேன். பெயரும் படத்தின் பெயர் மாதிரியே இருந்தது. உள்ளே விட்டவன் நான்தான். பிளக்இன் என்பது வேர்ட்பிரஸில் கூடுதல் வசதிக்குச் சேர்க்கிற துணை நிரல். படங்களை மாற்றி மாற்றிக் காட்டுகிற, காசு கொடுத்து வாங்க வேண்டிய ஸ்லைடர் பிளக்இன் ஒன்றை எங்கிருந்தோ ஓசியில் இறக்கிப் போட்டிருந்தேன். எல்லாவற்றையும் துடைத்து, வேர்ட்பிரஸைப் புதிதாக ஏற்றி, பாஸ்வேர்டுகளை மாற்றினேன். தளம் இரண்டு நாளில் சரியாகிவிட்டது. கூகுளில் கிடந்த ஜப்பான் பக்கங்கள் மறைய வாரக்கணக்கில் ஆனது. அந்த வேலைக்கு நான் பணம் வாங்கவில்லை. வாங்க மனமும் வரவில்லை. அன்றிலிருந்து பிளக்இன் லைசென்ஸ் தொகை கொட்டேஷனில் தனி வரியாக வரும். அப்லோட்ஸுக்குள் பிஎச்பி ஓடாதபடி எல்லாத் தளங்களிலும் அடைத்து வைத்திருக்கிறேன்.

தமிழில் தளம் செய்கிறவர்கள் கவனிக்க வேண்டிய ஒன்று உண்டு. சென்னிமலைக் கடைக்காரர் எல்லாம் தமிழிலேயே வேண்டும் என்றார், எனக்கும் அதில்தான் ஆசை. ஆனால் தலைப்பைத் தமிழில் வைத்தால் லிங்க்கும் தமிழிலேயே உருவாகும். உள்ளே அது %E0%AE%9A மாதிரி சதவீதக் குறிகளாக மாறி உட்காரும். எழுத்து, கொம்பு, சுழி, புள்ளி ஒவ்வொன்றுக்கும் 9 இடம். சென்னிமலை என்ற ஒரே சொல் 81 இடத்தைத் தின்றுவிடும். இருப்பதோ 200 இடம். 'சென்னிமலை பெட்ஷீட் விற்பனை' என்று வைத்தால் 218 ஆகிறது, மூன்றாவது சொல் பாதியில் அறுந்து நிற்கும். வாட்ஸ்அப்பில் அனுப்பினால் முழநீளத்துக்கு ஒரு குறிக்கூட்டம் போகும், அதைப் பார்த்துப் பயந்து யாரும் தொடமாட்டார்கள். தலைப்பு தமிழில் இருக்கட்டும், லிங்க்கை மட்டும் கையால் ஆங்கில எழுத்தில் சுருக்கமாகத் தட்டிவிடுங்கள். பக்கம் வெளியே போன பிறகு மாற்றாதீர்கள்.

பண விஷயம். பாதி அட்வான்ஸ் வராமல் வேலையைத் தொடுவதில்லை. "ஷிப்மெண்ட் போகட்டும், போட்டுடறனுங்க" என்பவர் ஏமாற்றுகிறவர் அல்ல, அவருக்கே பணம் அப்படித்தான் வருகிறது. 2022-ல் நூல் விலை ஏறியபோது முதலில் நின்றது எங்கள் பில்தான். வருடப் பராமரிப்பை முன்கூட்டியே வாங்கியிருந்ததால் அந்த வருடத்தைத் தள்ளினேன். இன்னொன்று, முதல் தடவை ஒரு கம்பெனி 10 சதவீதம் குறைத்து அனுப்பியபோது சண்டைக்கே போய்விட்டேன். அது டிடிஎஸ், அதாவது வருமான வரிக்காக முன்கூட்டியே பிடிக்கிற தொகை, என் பான் எண்ணில் கட்டப்பட்டு 26ஏஎஸ் என்கிற வரிக்கணக்குப் பட்டியலில் இருக்கிறது என்று ஆடிட்டர் காட்டிய பிறகு அந்த அக்கவுண்டன்ட் அக்காவிடம் மன்னிப்புக் கேட்டேன். டொமைனை, அதாவது தளத்தின் முகவரியை, எப்போதும் வாடிக்கையாளர் பெயரில், அவர் மெயிலில்தான் வாங்குகிறேன். முன்பு செய்தவர் தன் பெயரில் வாங்கி வைத்து, போனையும் எடுக்காமல், காலாவதியான டொமைனோடு என்னிடம் வந்தவர்கள் நான்கு பேர்.

குறை என்றால் அப்டேட்தான். 2018 டிசம்பரில் வேர்ட்பிரஸ் 5.0 வந்து, பக்கங்களை எழுதுகிற எடிட்டரே மாறியபோது, நான் சொல்லிக்கொடுத்திருந்த எல்லோரும் ஒரே வாரத்தில் கூப்பிட்டார்கள். பழைய எடிட்டரையே திரும்பக் கொண்டுவருகிற கிளாசிக் எடிட்டர் பிளக்இன் காப்பாற்றியது. சர்வரில் பிஎச்பி 7-ஆம் பதிப்பிலிருந்து 8-க்குப் போனபோது மூன்று பழைய தளங்கள் வெள்ளைத் திரையாக நின்றன. இப்போது எதையும் முதலில் நகல் தளத்தில் ஏற்றிப் பார்க்கிறேன். பேக்அப் எடுத்தால் மட்டும் போதாது, ஆறு மாதத்துக்கு ஒருமுறை அதிலிருந்து தளத்தை எழுப்பியும் பார்க்கிறேன்.

சாயப்பட்டறை ஒன்று லாட் கணக்கு, ஜாப் கார்டு என்று பட்டறையின் உள்வேலைக் கணக்கு எல்லாம் வேர்ட்பிரஸிலேயே கேட்டது. முடியாது என்று சொல்லி அதற்கான ஆளைக் காட்டிவிட்டேன். கடை, கம்பெனி அறிமுகம், சின்ன ஆன்லைன் விற்பனை, இதற்கெல்லாம் இன்றும் கண்ணை மூடிக்கொண்டு இதையே எடுப்பேன். வாங்கியவரே கையாள முடிகிறது. போன தீபாவளி நோம்பிக்கு முன்னால் சென்னிமலைக்காரர் பையன் 60 புது டிசைனை அவனே ஏற்றிவிட்டு, "லிங்க் எல்லாம் இங்கிலீஷ்ல மாத்தியாச்சுங்ணா, ஒருக்கா பாத்துருங்க" என்று மெசேஜ் போட்டிருந்தான்.