இண்டக்‌ஷனிலிருந்து எப்போது இறங்குவது: இரண்டு வாரமா, இரண்டு மாதமா, இலக்கு தொடும்வரையா?

மாவுச்சத்தைக் குறைக்கும் லோ கார்ப் உணவுமுறையை எப்படித் தொடங்குவது என்று சொல்லித்தர ஆள் நிறைய உண்டு. அதன் மிகக் கடுமையான முதல் கட்டத்திலிருந்து எப்போது இறங்குவது என்று கேட்டால்தான் ஆளுக்கொரு பதில் வருகிறது. இரண்டு வாரம் போதும் என்கிறார் ஒருவர். எடை முழுக்கக் குறையும்வரை அசையாதீர்கள் என்கிறார் இன்னொருவர். ஆயுசுக்கும் இப்படியே இருக்கலாம் என்பவர்களும் இருக்கிறார்கள். ஒவ்வொன்றுக்கும் காரணம் உண்டு. ஆனால் ஒருவருக்குப் பொருந்துவது அடுத்தவருக்குப் பொருந்துவதில்லை.

கடுமையான கட்டம் என்று நான் சொல்வது இண்டக்‌ஷனை. அமெரிக்க மருத்துவர் ராபர்ட் அட்கின்ஸ் 1972-ல் பிரபலமாக்கிய முறையின் முதல் படி அது. இன்று பரவலாகப் பின்பற்றப்படும் வடிவில், நாளுக்கு 20 கிராம் நிகர மாவுச்சத்துதான் கணக்கு. மொத்த மாவுச்சத்தில் நார்ச்சத்தைக் கழித்தால் வருவதுதான் நிகரம். 20 கிராம் என்பது ஏறத்தாழ இரண்டு இட்லி, அல்லது 70 கிராம் சோறு. லோ கார்பின் நம் ஊர் வடிவமான பேலியோவின் பட்டியல்களில் காலை உணவாக வரும் 100 பாதாமிலேயே 11 கிராம் போல ஆகிவிடும். ஆக, பேலியோவில் இருக்கிறேன் என்பவர் எல்லாரும் இண்டக்‌ஷனில் இருப்பதாக அர்த்தமில்லை. முதலில் தான் எந்த அளவில் இருக்கிறோம் என்று எண்ணிப் பார்த்துவிட்டு இந்த முடிவுக்கு வருவது நல்லது.

இரண்டு வாரத்தில் இறங்குவது

இந்தக் கெடுவுக்குப் பின்னால் உடலியல் இருக்கிறது. கல்லீரலிலும் தசைகளிலும் கிளைகோஜனாக அரைக் கிலோ அளவுக்கு மாவுச்சத்து சேமிப்பு உண்டு. ஒரு கிராம் கிளைகோஜனோடு சுமார் மூன்று கிராம் தண்ணீரும் சேர்ந்திருக்கும். மாவுச்சத்தை நிறுத்தியதும் இந்தச் சேமிப்பு கரைகிறது, தண்ணீர் வெளியேறுகிறது. இன்சுலின் குறைவதால் சிறுநீரகம் உப்பையும் அதிகமாக வெளியேற்றுகிறது. முதல் வாரத் தலைவலிக்கும் சோர்வுக்கும் பெரும்பாலும் இதுதான் காரணம். இரண்டு வாரத்துக்குள் உடல் கொழுப்பை எரிக்கப் பழகிவிடும், பலருக்குப் பசியும் அடங்கிவிடும்.

குறைக்க வேண்டியது ஐந்து, ஏழு கிலோதான் என்றால் இது போதும். வீட்டில் எல்லாரோடும் உட்கார்ந்து சாப்பிடும் நாள் சீக்கிரம் திரும்பி வரும், மலச்சிக்கலும் தீரும். ஒரு சிக்கல் மட்டும் உண்டு. முதல் வாரத்தில் குறைந்த இரண்டு கிலோவில் பெரும்பகுதி தண்ணீர். மாவுச்சத்தைக் கூட்டும்போது அதில் ஒரு பங்கு திரும்பி வரும். அதைக் கொழுப்பு ஏறிவிட்டதாக நினைத்துப் பயந்து மொத்தமாக விட்டுவிடுகிறவர்கள் உண்டு. தண்ணீர்தான் திரும்புகிறது என்று முன்கூட்டியே தெரிந்திருந்தால் இந்தப் பயம் வராது.

இலக்கு தொடும்வரை இருப்பது

நிறையக் குறைக்க வேண்டியவர்கள் இலக்குக்கு ஏழு கிலோ மிச்சம் இருக்கும்வரை முதல் படியிலேயே இருக்கலாம் என்று அட்கின்ஸ் முறையே அனுமதிக்கிறது. நம் ஆட்கள் பலர் அதையும் தாண்டி, கடைசிக் கிலோ வரை இருந்துவிடுகிறார்கள். ஏன் என்று புரிகிறது. விதி ஒன்றுதான், தினமும் யோசிக்க வேண்டியதில்லை, எடை இறங்குகிறது, அப்புறம் ஏன் மாற்ற வேண்டும்?

எனக்கு இதில் உடன்பாடில்லை. எடை குறைந்த உடலுக்குத் தேவைப்படும் ஆற்றலும் குறைவு. அதனால் ஒரு கட்டத்தில் எடை நின்றுபோகும், எல்லாருக்கும் நிற்கும். ஏற்கெனவே 20 கிராமில் இருப்பவருக்கு மாவுச்சத்தில் குறைக்க எதுவும் மிச்சமில்லை. அதைவிட முக்கியமானது ஒன்று உண்டு. கொய்யா ஒத்துக்கொள்கிறதா, சுண்டல் சாப்பிட்டால் பசி கிளம்புகிறதா, எத்தனை கிராமில் எடை நிலைக்கிறது என்பதையெல்லாம் எடை குறைந்துகொண்டிருக்கும்போதே சோதித்துப் பார்க்கலாம். அப்போது ஒரு வாரம் தப்பாகப் போனாலும் இழப்பு சிறியது. இலக்கைத் தொட்ட பிறகு இதைத் தொடங்குகிறவருக்கு ஒவ்வொரு சோதனையும் எடை ஏறுவதாகவே முடியும். உடல் பசியைக் கூட்டி இழந்ததை மீட்கப் பார்க்கும் நேரமும் அதுதான்.

இரண்டு மாதம், பிறகு படிப்படியாக

பெரிய ஆய்வுகள் சில இந்த வழியைத்தான் எடுத்தன. இஸ்ரேலின் டிமோனாவில் ஒரே பணியிடத்தைச் சேர்ந்த 322 பேரை இரண்டு வருடம் கவனித்த, டைரக்ட் என்ற பெயருள்ள ஆய்வு 2008-ல் வெளியானது. அதில் லோ கார்ப் குழுவுக்கு முதல் இரண்டு மாதம் 20 கிராம், பிறகு மெல்ல மெல்லக் கூட்டி அதிகபட்சம் 120 கிராம். மதப் பண்டிகைகள் முடிந்த கையோடு மறுபடியும் 20 கிராமுக்கு வரச் சொல்லியிருந்தார்கள். பொங்கலும் தீபாவளியும் ரம்ஜானும் கிறிஸ்துமஸும் வரிசையாக வரும் நம் நாள்காட்டிக்கு இதைவிடப் பொருத்தமான விதி வேண்டுமா? இரண்டு வருட முடிவில் அந்தக் குழு சராசரியாக 4.7 கிலோ குறைந்திருந்தது, ஒப்பிடுவதற்காகக் கொழுப்பைக் குறைத்துச் சாப்பிட்ட குறைகொழுப்புக் குழு 2.9 கிலோ.

2018-ல் வந்த ஸ்டான்ஃபோர்டின் டயட்ஃபிட்ஸ் ஆய்வில் 609 பேர். லோ கார்ப் குழு முதல் எட்டு வாரம் 20 கிராமை நோக்கி இறங்கியது. அதன் பிறகு வாரத்துக்கு 5 முதல் 15 கிராம் வரை கூட்டலாம். எங்கே நிறுத்துவது என்பதை ஆய்வாளர்கள் சொல்லவில்லை. ஆயுசுக்கும் தாக்குப்பிடிக்க முடியும் என்று தோன்றும் அளவுகளில் எது மிகக் குறைவோ, அதை அவரவரே கண்டுபிடிக்க வேண்டும். ஒரு வருட முடிவில் அந்தக் குழு சராசரியாக 130 கிராம் அளவில் நின்றது, எடை 6 கிலோ குறைந்திருந்தது. குறைகொழுப்புக் குழு 5.3 கிலோ. இந்த வித்தியாசம் பெரிதில்லை என்பதையும் சொல்லியாக வேண்டும்.

130 கிராமா, அது லோ கார்பே இல்லையே என்று தோன்றலாம். இந்தியர்கள் சாப்பிடும் கலோரியில் சுமார் 62 சதவீதம் மாவுச்சத்திலிருந்து வருகிறது என்கிறது இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஐசிஎம்ஆர்-இண்டியாப் ஆய்வு. 1,800 கலோரி சாப்பிடுபவருக்கு அது 280 கிராமுக்குச் சற்றுக் குறைவு. அதில் பாதிக்கும் கீழே ஆயுசுக்கும் நிற்க முடிந்தால், அதைப் பெரிய மாற்றம் என்றே நான் சொல்வேன். பத்து கிலோவுக்கு மேல் குறைக்க வேண்டியவர்கள் கேட்டால் நான் சொல்வதும் இந்த வழியைத்தான்.

இறங்கவே வேண்டாம் என்பது

டைப் 2 சர்க்கரை உள்ளவர்களுக்கு இந்த வாதத்தில் வலு இருக்கிறது. விர்ட்டா ஹெல்த் நிறுவனத்தின் 2018 ஆய்வில் 262 பேர் மருத்துவக் கண்காணிப்பில் கீட்டோசிஸ் உணவைத் தொடங்கினார்கள், 218 பேர் ஒரு வருடம் நீடித்தார்கள். மாவுச்சத்து இல்லாமல் உடல் கொழுப்பிலிருந்து கீட்டோன்களை உண்டாக்கி எரிக்கும் நிலைதான் கீட்டோசிஸ். மூன்று மாதச் சர்க்கரை அளவைக் காட்டும் ஹெச்பிஏ1சி சராசரியாக 7.6-லிருந்து 6.3-க்கு வந்தது, பலருக்கு மருந்தும் குறைந்தது. ஆனால் அவர்கள் தாங்களாக விரும்பி வந்தவர்கள், குலுக்கல் முறையில் பிரிக்கப்பட்டவர்கள் இல்லை. வலிப்பு நோய்க்கு 1921 முதல் கீட்டோஜெனிக் உணவைக் கொடுக்கிறார்கள். அங்கேகூட, பலன் கிடைத்த குழந்தைகளுக்கு ஏறக்குறைய இரண்டு வருடத்தில் படிப்படியாக நிறுத்திப் பார்ப்பதே வழக்கம். சர்க்கரை இல்லாத, எடைக்காக மட்டும் வந்த ஒருவர் ஆயுள் முழுக்க 20 கிராமில் நிற்க வேண்டிய அவசியத்தை நான் காணவில்லை. அப்படி நிற்கிறவர்கள் கெட்ட கொலஸ்ட்ரால் எனப்படும் எல்டிஎல்லையாவது அவ்வப்போது பார்த்துக்கொள்ளட்டும். சிலருக்கு, குறிப்பாக ஒல்லியானவர்களுக்கு, அது மிக அதிகமாக ஏறுகிறது.

இறங்கும்போது

எடை நின்றுவிட்டதே என்று இறங்க நினைப்பவர்கள் முதலில் டீயைப் பாருங்கள். 100 மில்லி பாலில் 5 கிராம் மாவுச்சத்து, மூன்று டீக்கு 15 கிராம். சாம்பாரில் போடும் சின்ன வெங்காயத்தில் 100 கிராமுக்கு 14 கிராம் போல வரும். இண்டக்‌ஷனில் நின்றுபோனதாக நினைக்கும் பலர் உண்மையில் இண்டக்‌ஷனில் இருப்பதில்லை.

கூட்டுவது வாரத்துக்கு 5 கிராம், ஒரு நேரத்தில் ஒரே உணவு. ஒரு கைப்பிடி பாதாமோ வேர்க்கடலையோ 3 கிராமுக்குள் முடியும். 100 கிராம் தயிர் 5 கிராம். 100 கிராம் கொய்யாவும் பப்பாளியும் 9 கிராம் வாக்கில், அவித்த கொண்டைக்கடலை 50 கிராமுக்கு 10. இட்லியும் சோறும் கடைசியில் வரட்டும். கேழ்வரகும் தினையும் அந்தக் கடைசி வரிசையில்தான். சிறுதானியம் என்பதாலேயே மாவுச்சத்து குறைந்துவிடாது, சமைக்காத 100 கிராமில் 60 கிராமுக்கு மேல் இருக்கிறது.

இறங்கிய முதல் சில நாட்களில் சாப்பிட்டபின் குளுக்கோமீட்டர் காட்டும் எண் வழக்கத்தைவிட ஏறலாம். மாவுச்சத்தைக் கையாளும் பழக்கம் உடலுக்கு விட்டுப்போயிருக்கும். குளுக்கோஸ் குடிக்கவைத்துச் சர்க்கரையைப் பார்க்கும் குளுக்கோஸ் டாலரன்ஸ் டெஸ்டுக்கு முன் மூன்று நாள் தினமும் 150 கிராமாவது மாவுச்சத்து சாப்பிடச் சொல்வது இதனால்தான். அந்த ஒரு எண்ணை வைத்து முடிவெடுக்காமல் ஓரிரு வாரம் பொறுத்துப் பாருங்கள்.

சர்க்கரைக்கு மருந்து எடுப்பவர்கள் இதில் எந்த வழியையும் தாங்களாகத் தொடங்கவோ முடிக்கவோ வேண்டாம். இன்சுலினும் கிளிமிபிரைடு மாத்திரையும் இண்டக்‌ஷனோடு சேர்ந்தால் சர்க்கரை ஆபத்தான அளவுக்கு இறங்கலாம். டாபாகிளிஃப்ளோசின், எம்பாகிளிஃப்ளோசின் ஆகிய சர்க்கரை மாத்திரைகளை எடுப்பவர்களுக்கு ரத்தச் சர்க்கரை சாதாரணமாகக் காட்டும்போதே, கீட்டோன்கள் பெருகி ரத்தம் அமிலமாகும் ஆபத்தான கீட்டோஅசிடோசிஸ் வரக்கூடும். முதல் கட்டத்தில் குறைத்த மருந்தை, மாவுச்சத்தைக் கூட்டும்போது மறுபடி கூட்ட வேண்டுமா என்பதையும் மருத்துவரிடமே கேளுங்கள். கர்ப்பிணிகளும் பால் கொடுக்கும் தாய்மார்களும் 20 கிராம் கட்டத்துக்குள் போகவே வேண்டாம்.