பணம் வரவில்லை என்று டெலிகிராமில் கேட்டேன், வாலெட்டே காலியானது

கிரிப்டோ வாலெட் (கிரிப்டோ பணத்தைக் கையாளுகிற ஆப்) வைத்திருப்பவர்கள், குறிப்பாக வெளிநாட்டு வாடிக்கையாளரிடம் யூஎஸ்டிடி-யாக (டாலர் மதிப்பை ஒட்டிய கிரிப்டோ பணம்) கூலி வாங்குகிறவர்கள், இதைக் கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள். போன மாதம் ஒரு வியாழக்கிழமை இரவு, இரண்டு மணி நேரத்துக்குள் என் வாலெட்டில் இருந்ததெல்லாம் போய்விட்டது. கிட்டத்தட்ட 2 லட்சத்து 30 ஆயிரம் ரூபாய். அதில் பாதி மகளின் பள்ளிக் கட்டணத்துக்கு எடுத்து வைத்திருந்தது.

எனக்கு இன்னும் ஆறாத விஷயத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். வாடிக்கையாளர் அனுப்பியது வரவில்லை என்று நான் பதறிப்போய்த் தேடிய பணம், தேடிய அந்த நேரத்தில் தொலையவே இல்லை. என் முகவரியில்தான் பத்திரமாக இருந்தது. எனக்குத்தான் பார்க்கத் தெரியவில்லை.

நான் ஈரோட்டில் இருந்து வீடியோ எடிட்டிங் செய்கிறேன். அன்று ஒரு வாடிக்கையாளர் 640 யூஎஸ்டிடி அனுப்ப வேண்டியிருந்தது. வாலெட் முகவரியைக் கொடுத்தேன். இரவு ஒன்பதரைக்கு "அனுப்பிவிட்டேன்" என்று டிரான்ஸாக்ஷன் ஐடியோடு மெசேஜ் போட்டார். ஆப்பைத் திறந்தேன், பணம் இல்லை. பத்து நிமிடம் கழித்துப் பார்த்தேன், இல்லை. ஃபோனை ஆஃப் செய்து ஆன் செய்து பார்த்தேன், அப்போதும் இல்லை. அவரோ மூன்று வருடமாக ஒழுங்காகப் பணம் கொடுக்கிற ஆள்.

நடந்தது இவ்வளவுதான். கிரிப்டோ பணம் செயின் என்கிற நெட்வொர்க்குகள் வழியாகத்தான் போகும். அவர் எப்போதும் எத்தீரியம் என்ற செயினில் அனுப்புவார். அன்று கட்டணம் குறைவு என்று பிஎன்பி செயினில் அனுப்பிவிட்டார். எத்தீரியம், பிஎன்பி செயின், பாலிகன், ஆர்பிட்ரம் எல்லாம் ஒரே வகை. பூஜ்யம், எக்ஸ் என்று தொடங்குகிற அதே 42 எழுத்து முகவரிதான் எல்லாவற்றிலும். கதவு எண் ஒன்று, தெருதான் வேறு. என் ஆப்பில் எத்தீரியம் யூஎஸ்டிடி மட்டும் திரையில் தெரியும்படி வைத்திருந்தேன். டோக்கன் பட்டியலுக்குள் போய் பிஎன்பி செயின் யூஎஸ்டிடி-யை ஆன் செய்திருந்தால் 640 அங்கேயே தெரிந்திருக்கும். அதுவும் வேண்டாம், அவர் அனுப்பிய ஐடியை, பிஎன்பி செயின் பரிவர்த்தனைகளைத் தேடிப் பார்க்கிற பிஎஸ்சிஸ்கேன் தளத்தில் போட்டிருந்தால் எந்தச் செயின், எந்த முகவரி, வந்து சேர்ந்ததா இல்லையா என்று எல்லாமே காட்டியிருக்கும். நான் எத்தீரியத்துக்கான ஈதர்ஸ்கேனில் போட்டுப் பார்த்தேன். "அப்படி ஒரு பரிவர்த்தனை இல்லை" என்று வந்தது. அதில்தான் பயந்துவிட்டேன்.

அப்புறம் செய்த காரியம்தான் தப்பு. வாலெட் பெயரும் லோகோவும் போட்ட ஒரு டெலிகிராம் குரூப்பில், இப்படிப் பணம் வரவில்லை, என்ன செய்வது என்று எழுதினேன். நான்கு நிமிடம்கூட ஆகவில்லை, தனி மெசேஜ் வந்துவிட்டது. பெயருக்குப் பின்னால் "சப்போர்ட்", அதே லோகோ. மரியாதையான ஆங்கிலம். எந்த நாடு, எவ்வளவு பணம், எத்தனை மணிக்கு அனுப்பினார்கள் என்று வங்கியில் கேட்பது போலவே கேட்டான். டிக்கெட் நம்பர் ஒன்றும் கொடுத்தான். "உங்கள் வாலெட் செயினோடு சிங்க் ஆகவில்லை, சரிசெய்ய இந்த லிங்கில் போங்கள்" என்றான்.

அந்தப் பக்கத்தை நன்றாக நினைவு வைத்துக்கொள்ளுங்கள், ஏனென்றால் பெயர் மாறி மாறி இதே பக்கம்தான் சுற்றிக்கொண்டிருக்கிறது. இருபது முப்பது வாலெட்டுகளின் லோகோ வரிசையாக இருக்கும். உங்களுடையதைத் தொட்டால் "இணைக்கிறது" என்று ஒரு வட்டம் சுற்றும். சுற்றிவிட்டு "இணைக்க முடியவில்லை, நீங்களே இணையுங்கள்" என்று சிவப்பு எழுத்தில் வரும். எத்தனை முறை தொட்டாலும் அதுதான் வரும், அப்படித்தான் செய்து வைத்திருக்கிறார்கள். அந்தச் சிவப்பு எழுத்தைத் தொட்டால் ஒரு வெள்ளைப் பெட்டி திறக்கும். வாலெட் தொடங்கும்போது எழுதி வைத்துக்கொள்ளச் சொன்ன பன்னிரண்டு ரகசிய வார்த்தைகளை, நடுவில் இடைவெளி விட்டு டைப் செய்யச் சொல்லும்.

அந்த வார்த்தைகளை எழுதி பீரோவில் வைத்திருந்த நோட்டை எடுத்து வந்து, ஒவ்வொரு வார்த்தையாக, எழுத்துப் பிழை வராமல் பார்த்துப் பார்த்து டைப் செய்தேன். "சர்வரில் கூட்டமாக இருக்கிறது, 24 மணி நேரம் வாலெட்டைத் திறக்காதீர்கள்" என்று வந்தது. திறக்காதே என்றது ஏன் என்று இப்போது புரிகிறது. நான் பார்க்காத நேரம்தான் அவர்களுக்குத் தேவை.

மனசு கேட்காமல் முக்கால் மணி நேரம் கழித்துத் திறந்தேன். ட்ரான் என்ற இன்னொரு செயினில் வைத்திருந்த 1,150 யூஎஸ்டிடி இல்லை. எத்தீரியத்தில் கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்த்த 0.2 ஈத்தர், அதுவும் இல்லை. உடனே பின் நம்பரை மாற்றினேன். அதனால் ஒரு பயனும் இல்லை. பின் நம்பரும் கைரேகையும் அந்த ஃபோனில் இருக்கிற ஆப்புக்கு மட்டும்தான். வார்த்தைகள் தெரிந்தவனுக்கு என் ஃபோன் எதற்கு?

ஒரே வாலெட்டில் பல செயின் வைத்திருப்பவர்கள் இந்த இடத்தைக் கவனியுங்கள். பிரச்சினை ஒரு செயினில், போனது எல்லாச் செயினிலும். ட்ரான் முகவரி டி என்ற எழுத்தில் தொடங்கும், 34 எழுத்து, பார்க்கவே வேறு மாதிரி இருக்கும். அதனால் அது தனிக் கணக்கு என்று நினைத்திருந்தேன். அப்படி இல்லை. 2,048 ஆங்கிலச் சொற்கள் கொண்ட ஒரு பொதுப் பட்டியல் இருக்கிறது. அதிலிருந்து எடுத்த அந்தப் பன்னிரண்டு வார்த்தைகளில் இருந்துதான் பிட்காயின், எத்தீரியம், ட்ரான், சொலானா என்று அந்த வாலெட்டில் இருக்கிற ஒவ்வொரு சாவியும் பிறக்கிறது. வார்த்தைகளைப் பாதி மறைத்து ஃபோட்டோ எடுத்து ஜிமெயிலில் வைத்திருப்பவர்களும் உண்டு. அந்தப் பட்டியலில் முதல் நான்கு எழுத்து ஒத்துப்போகிற இரண்டு சொற்கள் கிடையாது. நான்கு எழுத்து தெரிந்தாலே முழுச் சொல்லும் தெரிந்த மாதிரிதான்.

பதினொரு மணிக்குச் சித்தி மகனுக்கு ஃபோன் செய்தேன். அவன் கோவையில் ஐடி கம்பெனியில் இருக்கிறான். ஐடியை அனுப்பு என்றான். இரண்டே நிமிடத்தில் திரும்பக் கூப்பிட்டு, "அண்ணா, காசு வந்துதானுங்ண்ணா இருக்குது, பிஎன்பி செயின்ல இருக்குது" என்றான். அந்த ஒரு வார்த்தையைக் கேட்டதும் எனக்குக் கை நடுங்கிவிட்டது. அவன் சொன்னபடி டோக்கனை ஆன் செய்தேன். 640 யூஎஸ்டிடி, முழுசாக, திரையில்.

திருடன் அதை இன்னும் எடுக்காததற்குக் காரணம் இருந்தது. ஒவ்வொரு செயினிலும் பணத்தை நகர்த்த அந்தச் செயினின் சொந்தக் காயினில்தான் கட்டணம் கட்ட வேண்டும். எத்தீரியத்தில் ஈத்தர், ட்ரானில் டிஆர்எக்ஸ், பிஎன்பி செயினில் பிஎன்பி. இதைத்தான் கேஸ் ஃபீஸ் என்கிறார்கள். என்னிடம் பிஎன்பி ஒரு துளிகூட இல்லை. அதனால் 640 அப்படியே நின்றது.

தம்பி "புது வாலெட் ஒண்ணு போடுங்க, மத்ததை நான் யோசிச்சுச் சொல்றேன்" என்றான். நான் காத்திருக்கவில்லை. கிரிப்டோ வாங்கி விற்கிற ஒரு எக்ஸ்சேஞ்சில் 800 ரூபாய்க்கு பிஎன்பி வாங்கி, பழைய முகவரிக்கு அனுப்பினேன். கேஸ் கிடைத்ததும் 640-ஐ வெளியே எடுத்துவிடலாம் என்று கணக்கு. பிஎன்பி வந்ததைத் திரையில் பார்த்தேன். புது முகவரியை ஒட்டி, தொகையை டைப் செய்து, "அனுப்பு" என்பதைத் தொடுவதற்குள் "போதிய பிஎன்பி இல்லை" என்று வந்தது. பின்னால் போய்ப் பார்த்தால் 640 பூஜ்யமாகிவிட்டிருந்தது. வார்த்தைகள் கைக்குப் போனதும் அந்த முகவரியைக் கண்காணிக்க ஒரு பாட்டை (bot, தானாக இயங்கும் நிரல்) போட்டு வைத்துவிடுகிறார்கள். கேஸ் காயின் வந்து விழுந்த நொடியில் அது வேலையைத் தொடங்கிவிடும். மனிதக் கையால் அதை முந்த முடியாது. நான் மீட்க அனுப்பிய 800 ரூபாயை வைத்துத்தான் என் கூலியை எடுத்துக்கொண்டு போனார்கள்.

உங்கள் வார்த்தைகள் வெளியே போய்விட்டது என்று சந்தேகம் வந்தால், தயவுசெய்து பழைய முகவரிக்கு ஒரு ரூபாய்கூட அனுப்பாதீர்கள். புதிதாக ஒரு வாலெட் உருவாக்கி, புது வார்த்தைகளை எழுதி வைத்துவிட்டு, பழையதில் மிச்சம் இருப்பதில் எது பெரியதோ, எதற்குக் கேஸ் ஏற்கெனவே இருக்கிறதோ அதை முதலில் மாற்றுங்கள்.

மறுநாள் காலையில் சைபர் மோசடிப் புகாருக்கான உதவி எண் 1930-க்குப் போன் செய்து, தேசிய சைபர் குற்ற இணையதளத்திலும் புகார் பதிந்தேன். சைபர் கிரைம் அலுவலகத்தில் நன்றாகவே பேசினார்கள். டிரான்ஸாக்ஷன் ஐடி, திருடனின் முகவரி, டெலிகிராம் உரையாடலின் ஸ்கிரீன்ஷாட், லிங்க் எல்லாம் கேட்டார்கள். உரையாடலில் பாதி இல்லை, அவன் இரண்டு பக்கமும் அழித்துவிட்டிருந்தான். நான் ஸ்கிரீன்ஷாட் எடுத்து வைக்கவில்லை. யூஎஸ்டிடி-யை வெளியிடுகிற டெதர் நிறுவனத்தால் ஒரு முகவரியில் இருக்கிற யூஎஸ்டிடி-யை முடக்க முடியும், காவல் துறை கேட்டால் முடக்கியும் இருக்கிறார்கள். ஆனால் பணம் அங்கே நின்றால்தானே. ட்ரான்ஸ்கேனில் பார்த்தபோது என் 1,150 விடிவதற்குள் ஐந்து முகவரி தாண்டியிருந்தது. இரவே, அந்த நிமிடமே, 1930-ஐ அழைத்திருக்க வேண்டும்.

வரிக் கணக்கிலும் ஆறுதல் இல்லை. 2022 ஏப்ரலில் இருந்து கிரிப்டோ லாபத்துக்கு 30 சதவீத வரி. ஒரு காயினில் வந்த நஷ்டத்தை இன்னொரு காயினின் லாபத்தில்கூடக் கழிக்க விடுவதில்லை. திருட்டுப் போனதற்கும் வழி இல்லை என்றுதான் என் ஆடிட்டர் சொன்னார்.

இதற்கு மேல் இன்னொரு கூட்டம் இருக்கிறது. நான் ஏமாந்ததைப் பொதுவில் எழுதிய அன்றே ஆறு பேர் வந்தார்கள், "எங்கள் ஹேக்கர் உங்கள் பணத்தை மீட்டுத் தருவார், முன்பணம் 100 டாலர்" என்று. நம்பாதீர்கள். செயினில் உறுதியான பரிவர்த்தனையை எந்த ஹேக்கராலும் திருப்ப முடியாது. இன்னொருவர் அப்பாவி போல, தன் பன்னிரண்டு வார்த்தைகளை அப்படியே எழுதி, "இதில் யூஎஸ்டிடி இருக்கிறது, எப்படி எடுப்பது" என்று கேட்டிருந்தார். அதுவும் தூண்டில்தான். அந்த வாலெட்டில் நிஜமாகவே பணம் தெரியும். ஆசைப்பட்டு கேஸுக்கு டிஆர்எக்ஸ் அனுப்பினால் அது போய்விடும். பணத்தை நகர்த்தும் அனுமதியை வேறு ஒரு சாவிக்கு ஏற்கெனவே மாற்றி வைத்திருப்பார்கள்.

புது வாலெட் போட்ட இரண்டாவது வாரத்தில் பூஜ்யம் தொகையில் ஒரு வரவு வந்தது. அனுப்பிய முகவரியின் முதல் நான்கு எழுத்தும் கடைசி நான்கு எழுத்தும் நான் அடிக்கடி பணம் அனுப்புகிற எக்ஸ்சேஞ்ச் முகவரியின் எழுத்துகளேதான். நடுவில் மட்டும் வேறு. பழைய பட்டியலில் இருந்து நாம் காப்பி எடுப்போம் என்று காத்திருக்கிறார்கள். 2024 மே மாதம் ஒருவர் இந்த மாதிரிப் போலி முகவரிக்குச் சுமார் 6.8 கோடி டாலர் மதிப்புள்ள ராப்டு பிட்காயினை (எத்தீரியத்தில் பயன்படுத்துகிற பிட்காயின் வடிவம்) அனுப்பிவிட்டார். அவருக்குப் பேச்சுவார்த்தையில் பெரும்பகுதி திரும்பக் கிடைத்தது. நமக்கெல்லாம் யார் திருப்பித் தருவார்கள்? முகவரியை நடு எழுத்து உட்பட முழுசாகப் பாருங்கள்.

இப்போது வேலை ஒப்புக்கொள்ளும்போதே எந்த நெட்வொர்க் என்று வாடிக்கையாளரிடம் எழுத்தில் கேட்டுவிடுகிறேன். முதலில் 5 யூஎஸ்டிடி வாங்கி, அது திரையில் தெரிந்த பிறகுதான் மிச்சத்தை அனுப்பச் சொல்கிறேன். கூலி வாங்குகிற வாலெட் வேறு, சேமிப்பு வாலெட் வேறு, இரண்டுக்கும் தனித்தனி வார்த்தைகள்.

பழைய முகவரியை மூன்று வாடிக்கையாளர்களிடம் கொடுத்திருந்தேன். மூவருக்கும் தனித்தனியாக எழுதி, அதை அழித்துவிடச் சொன்னேன். இருவர் சரி என்று பதில் போட்டார்கள். மூன்றாமவரிடமிருந்து இன்னும் ஒன்றும் வரவில்லை. அவர் மார்ச் வேலைக்கான பாக்கியை அனுப்ப வேண்டும். பழைய முகவரிக்கு அனுப்பிவிட்டால் அது எனக்கு வராது. இன்று காலையில் மறுபடியும் மெயில் அனுப்பியிருக்கிறேன், சாயங்காலம் ஃபோனும் செய்து பார்க்க வேண்டும்.