கோணத்த வெச்சு பக்கத்த ஒப்பிடுற பாடம்: ஒரு கணக்கு ஆப் ரிவியூ

என் பொண்ணுக்காக ஒரு கணக்கு ஆப்ல முக்கோண பாடம் ரெண்டு வாரமா போட்டுட்டு இருக்கோம், அதுல கோணங்கள வெச்சு எந்த பக்கம் நீளம்னு கண்டுபிடிக்கிற பகுதிய பத்தி மட்டும் எழுதுறேன். ஆப் பேர வேணும்னேதான் போடல, ஏன்னா நான் சொல்லப்போற குறை வேற வீடியோலயும் ஒர்க்‌ஷீட்லயும் கூட பாத்துருக்கேன்.

நல்லத முதல்ல சொல்லிடறேன். முக்கோணத்தோட முனைய விரலால இழுத்தா மூணு கோணமும் அப்பப்போ மாறுது, எது பெரிய கோணமோ அதோட எதிர்ப்பக்கம் சிவப்பாகுது. "எதிர்ப்பக்கம்"ங்கற வார்த்தையிலதான் பசங்க நிறைய பேர் தடுமாறுவாங்க, பக்கத்துல இருக்கறத காட்டுவாங்க. இங்க அந்த கோணத்த தொடாத ஒரே பக்கம்தான் சிவக்குதுன்னு பொண்ணு தானாவே புரிஞ்சுக்கிட்டா. ரெண்டு பெரிய கோணம் சமமா வந்தா ரெண்டு பக்கமும் சேந்து சிவக்குது. ஒரு கோணம் 90 டிகிரி ஆயிட்டாலோ தாண்டிட்டாலோ அதோட எதிர்ப்பக்கம்தான் நீளம், ஏன்னா மிச்சம் ரெண்டும் சேந்தே 90-க்கு மேல போக முடியாது.

30, 60, 90 முக்கோணத்த வெச்சு கேட்ட கேள்வியும் எனக்கு ரொம்ப பிடிச்சுது. 60 டிகிரி 30-க்கு ரெண்டு மடங்கு, அப்போ பக்கமும் ரெண்டு மடங்கான்னு கேக்குது. இல்ல, கிட்டத்தட்ட 1.73 மடங்குதான். ரெண்டு மடங்கா வர்றது 90-க்கு எதிர்ல இருக்கற கர்ணம். கோணம் பக்கங்களோட வரிசையத்தான் சொல்லும், அதே விகிதத்துல நீளம் வராதுன்னு இத விட தெளிவா சொல்ல முடியாது.

இப்போ குறைக்கு வரேன். ஆரம்பத்துல ஒரு அனிமேஷன், காம்பஸ் மாதிரி ரெண்டு கால் விரியுது, விரிய விரிய நடுவுல இருக்கற இடைவெளியும் கூடுது, அதனாலதான் பெரிய கோணத்துக்கு எதிர்ல பெரிய பக்கம்னு சொல்றாங்க. பாக்க அழகா இருக்கு, ஆனா அது வேற தேற்றம்! கால் நீளம் மாறாம விரிச்சா நாம ஒப்பிடுறது முன்னாடி இருந்த முக்கோணத்தையும் விரிச்சதுக்கு அப்புறம் வந்த முக்கோணத்தையும், அதாவது ரெண்டு முக்கோணம். நம்ம பாடமோ ஒரே முக்கோணத்துக்குள்ள ரெண்டு பக்கத்த ஒப்பிடுறது. பழைய கிரேக்க கணித மேதை யூக்ளிட் கூட தன்னோட 'எலிமெண்ட்ஸ்' முதல் புத்தகத்துல இத 18, 19-வது தேற்றம்னும் அத 24-வது தேற்றம்னும் தனித்தனியாதான் வெச்சிருக்கார்.

இது சின்ன விஷயம்னு நினைச்சேன், பயிற்சிக்கு போனப்போதான் அடி விழுந்துச்சு. ஏபிசிடின்னு ஒரு நாற்கரம், நடுவுல பி-டி மூலைவிட்டம். ஏபிடி முக்கோணத்துல ஏ 50, பி 60, டி 70. பிசிடி முக்கோணத்துல சி 90, பி 40, டி 50. அஞ்சு கோட்டுல எது நீளம்? ஹின்ட் தட்டினா "மிகப் பெரிய கோணத்தின் எதிர்ப்பக்கமே மிக நீளமானது"ன்னு வருது. பொண்ணு 90-அ பாத்து பி-டின்னு போட்டா, தப்புன்னு வந்துச்சு, விளக்கம் எதுவும் இல்ல. "அப்பா, அப்போ ரூலே தப்பா?"ன்னு கேட்டா, எனக்கு மனசு கஷ்டமாயிடுச்சு.

ரூல் சரிதான், "ஒரே முக்கோணத்துக்குள்ள"ங்கற ரெண்டு வார்த்தைய ஹின்ட்ல விட்டுட்டாங்க. பிசிடில பி-டி பெருசு, சரி. ஆனா அதே பி-டி ஏபிடில 50-க்கு எதிர்ல இருக்கு, அங்க அதுதான் சின்னது! ரெண்டுக்கும் பொதுவா இருக்கற அந்த கோட்டையே பாலமா பிடிச்சு வரிசைய சேத்தா ஏ-பி, ஏ-டி, பி-டி, பி-சி, சி-டின்னு பெருசுல இருந்து சின்னது வரைக்கும் முழுசா வந்துடும். 70-க்கு எதிர்ல இருக்கற ஏ-பி 90-க்கு எதிர்ல இருக்கறத விட நீளம்.

ஏன் இந்த ரூல் உண்மைங்கறதுக்கும் ஆப்ல ஒண்ணும் இல்ல, அன்னிக்கு பேப்பர்ல வெட்டி காட்டினேன். ஒரு முனைல இருந்து கிளம்புற சின்ன பக்கம் பெரிய பக்கத்து மேல படியுற மாதிரி மடிங்க. சின்ன பக்கத்தோட நுனி பெரிய பக்கத்துக்கு நடுவுலயே எங்கயாவது நின்னுடும், அங்க வந்து உக்காந்த கோணம் மிச்சம் இருக்கற குட்டி முக்கோணத்துக்கு வெளிக்கோணம் ஆகுது. வெளிக்கோணம் உள்ள எதிர்ல இருக்கற கோணத்த விட எப்பவும் பெருசு, அதனால பெரிய பக்கத்துக்கு எதிர்லதான் பெரிய கோணம். மடிச்சு பாத்துட்டு அவளே இன்னொரு பேப்பர் எடுத்து வெட்ட ஆரம்பிச்சுட்டா.

இன்னொண்ணு, ஏ-பிய பி-ஏன்னு டைப் பண்ணா தப்புன்னு மார்க் குறைக்குது, ரெண்டும் ஒரே கோடுதானே, இத கண்டிப்பா சரி பண்ணணும்.

அஞ்சுக்கு மூணு ஸ்டார் குடுக்கறேன், அந்த மூணும் முனைய இழுக்கற பகுதிக்குத்தான். ரெண்டு முக்கோணம் ஒட்டி வர்ற கணக்கு வரும்போது மட்டும் ஹின்ட் பக்கம் போக விடாம நீங்க கூட உக்காந்துக்கோங்க.