இரண்டு நட்சத்திரங்களா, ஆறு நடுத்தர வீரர்களா?

நிஜ வீரர்களைக் கொண்டு கற்பனை அணி அமைத்து ஆடும் தளமான டிராஃப்ட்கிங்ஸின் கோல்ஃபில் ஓர் அணிக்கு ஆறு வீரர்கள், அவர்களை வாங்க 50,000 டாலர் கற்பனைப் பண வரம்பு. சராசரியாக ஒருவருக்கு 8,333.

11,000க்கு ஒருவர், 10,500க்கு ஒருவர் என்று எடுத்தால் மிச்சம் 28,500. நால்வருக்குத் தலா 7,125தான். சிக்கல் இங்கேதான் தொடங்குகிறது. அமெரிக்கத் தொழில்முறை கோல்ஃப் தொடரான பிஜிஏ டூரின் வழக்கமான போட்டிகளில் 36 குழிகள் முடிந்ததும் முதல் 65 இடங்களும் அதே ஸ்கோரில் இருப்பவர்களும் மட்டுமே தொடர்வார்கள்; இந்த வடிகட்டல்தான் ‘கட்’. மலிவான இருவர் வெளியேறினால் தலா 36 என 72 குழிகளின் பேர்டி (நிர்ணயித்ததைவிட ஓர் அடி குறைவாகக் குழியை முடிப்பது) புள்ளிகள் போகும். பேர்டிக்கு 3, பாருக்கு (நிர்ணயித்த அடிகளிலேயே முடிப்பது) அரை. ஆனால் வெற்றியாளருக்கு 30 கூடுதல் புள்ளிகள். ஆயிரக்கணக்கானோர் மோதும் பெரிய போட்டியில் முதலிடம் பிடிக்க அவர் உங்கள் அணியில் இருந்தாக வேண்டும்.

7,500 முதல் 9,300 வரை ஆறு பேரை எடுக்கும் அணிக்கு இலக்கே வேறு: அறுவரும் ‘கட்’டைத் தாண்டுவது. கிட்டத்தட்ட பாதிப் பேர் பணத்தை ஏறக்குறைய இரட்டிப்பாக்கும் போட்டிகளுக்கு இதையே எடுங்கள். கட் இல்லாத வாரத்தில் இந்த அணியின் அனுகூலம் பெரிதும் கரைந்துவிடும். அப்போது நட்சத்திரங்களே மேல்.

எந்த வழியானாலும், அண்மைய பட்டிங்கை (குழியை நோக்கிப் பந்தை உருட்டும் அடிகளை) நம்பி விலை கொடுக்காதீர்கள். அது வாரத்துக்கு வாரம் மாறும். குழி இருக்கும் புல்தரையை நோக்கி அடிக்கும் அப்ரோச் ஷாட்டில் மற்றவர்களைவிட மிச்சம் பெற்ற ஸ்ட்ரோக்குகளே (அடிகளே) அதைவிட நிலையான அளவுகோல்.