2 மணி நேரம் ஓடுவது கேமில் இல்லை, ஸ்டீமில்: ரீஃபண்ட் எச்சரிக்கை

2020 ஆகஸ்டில் மைக்ரோசாஃப்ட் ஃப்ளைட் சிமுலேட்டரை, கணினி கேம்களை விற்கும் ஆன்லைன் கடையான ஸ்டீமில் வாங்கிய பலருக்கு, விமானம் கண்ணில் படுவதற்கு முன்பே ரீஃபண்ட் கேட்கும் நேரம் கரைந்துபோனது. ஸ்டீம் முதலில் இறக்கிக் கொடுத்தது சின்ன நிறுவி மட்டும். பாக்கி 90 ஜிபிக்கு மேல் கேமைத் திறந்த பிறகு உள்ளேயிருந்து இறங்கியது. கேம் திறந்திருக்கிறது, அப்படியென்றால் ஆள் விளையாடுகிறார் என்று ஸ்டீம் கணக்கு எழுதிக்கொண்டே போனது. சுமாரான இணைய இணைப்பு வைத்திருந்தவர்கள் பாடு திண்டாட்டம்தான்.

ஸ்டீமின் விதி எல்லோருக்கும் மனப்பாடம்: வாங்கி 14 நாளுக்குள், 2 மணி நேரத்துக்குக் குறைவாக ஆடியிருக்க வேண்டும். இரண்டும் சேர்ந்து பொருந்த வேண்டும் என்பதும், அந்த 2 மணி நேரத்தை ஸ்டீம் எப்படி எண்ணுகிறது என்பதும்தான் பலருக்குத் தெரிவதில்லை. கேமின் புரோகிராம் ஓடுகிற ஒவ்வொரு நிமிடமும் கணக்கில் ஏறும். மெனுவைத் திறந்துவைத்துவிட்டுச் சாப்பிடப் போனாலும் ஏறும். முதல் தடவை திறக்கும்போது 'ஷேடர் உருவாகிறது' என்று (கிராஃபிக்ஸை உங்கள் கணினிக்கேற்பத் தயார்செய்யும் வேலை) ஒரு பட்டை நகருமே, அதுவும் ஏறும். 2023 மார்ச்சில் பிசிக்கு வந்த தி லாஸ்ட் ஆஃப் அஸ் பார்ட் 1-இல் அந்தப் பட்டை முடியவே பல கணினிகளில் ஒரு மணி நேரம் போல ஆனது. தனி லாஞ்சர் (கேமைத் திறந்துவிடும் துணைச் செயலி) உள்ள கேம்களில் இன்னொரு வம்பு உண்டு. கேமை மூடிய பிறகும் லாஞ்சர் பின்னணியில் கிடந்தால், ஸ்டீம் 'ஓடுகிறது' என்றே காட்டும்.

அதனால் புது கேம் என்றால் முதல் அரை மணி நேரத்தைச் சோதனைக்கு ஒதுக்குங்கள். கிராஃபிக்ஸ், கன்ட்ரோலர், ஆன்லைன் சர்வர் மூன்றையும் முதலில் பாருங்கள். கதையை அப்புறம் பார்க்கலாம். 90 நிமிடத்துக்கு அலாரம் வையுங்கள். வெளியே வந்ததும் டாஸ்க் மேனேஜரில் லாஞ்சர் உயிரோடு இருக்கிறதா என்று பார்த்து மூடுங்கள். ஸ்டீம் லைப்ரரியில் தெரிகிற நேரத்தை மட்டும் நம்புங்கள், கேமுக்குள் சேவ் ஃபைல் காட்டும் நேரத்தை நம்பாதீர்கள்.

டீலக்ஸ் பதிப்பு வாங்கி வெளியீட்டுக்கு 3 நாள் முன்னதாக ஆடுகிறவர்கள் இன்னும் உஷாராக இருக்க வேண்டும். முன்பெல்லாம் அந்த நேரம் கணக்கில் சேராது, வெளியீட்டு நாளிலிருந்துதான் கடிகாரம் ஓடும். 2024 ஏப்ரலில் ஸ்டீம் அதை மாற்றிவிட்டது. இப்போது ஆடுகிற முதல் நிமிடத்திலிருந்தே சேரும். டிஎல்சி (கேமுக்கு மேல் தனியாக வாங்கும் கூடுதல் பகுதி) என்றால், அதை வாங்கிய பிறகு மூல கேமை 2 மணி நேரத்துக்கு மேல் ஆடியிருக்கக் கூடாது. பல கேம்களைச் சேர்த்து விற்கும் பண்டிலில் எல்லா கேமின் நேரத்தையும் கூட்டியே பார்ப்பார்கள்.

கேட்கும் வழி சுலபம். ஸ்டீம் உதவிப் பக்கம், அதில் வாங்கியவற்றின் பட்டியல், அதில் அந்த கேம், பிறகு ரீஃபண்ட் வேண்டும் என்ற தெரிவு. கடைசித் திரையில் பணம் எங்கே போக வேண்டும் என்று கேட்கும் இடத்தில்தான் அவசரப்படுகிறார்கள். வாலட்டைத் தேர்ந்தால் அந்தப் பணம் ஸ்டீமுக்குள்ளேயே கிடக்கும், வங்கிக்கு எடுக்க முடியாது. வாங்கிய மறுநாளே சேல் வந்துவிட்டால், ரீஃபண்ட் எடுத்துக் குறைந்த விலைக்குத் திரும்ப வாங்குவதை முறைகேடாகப் பார்ப்பதில்லை என்று ஸ்டீமே எழுதிவைத்திருக்கிறது. கூச்சப்பட வேண்டாம்.

ஸ்டீம் பழக்கத்தோடு பிளேஸ்டேஷன் ஸ்டோருக்குப் போனால் கையைச் சுட்டுக்கொள்வீர்கள். அங்கே 14 நாள் உண்டு, ஆனால் டவுன்லோட் தொடங்கிவிட்டால் அந்த உரிமை போயிற்று. ஆடியே பார்க்கவில்லை என்று வாதாடிப் பயனில்லை. வாங்கியதும் தானாக இறங்கும் வசதியை முதலில் அணைத்துவையுங்கள். ப்ரீ-ஆர்டர் செய்கிறவர்கள் கட்டாயம் அணைக்க வேண்டும். எக்ஸ்பாக்ஸில் நேர் எதிர்: இறக்கி, ஒரு தடவை திறந்து பார்த்த பிறகுதான் கேட்கவே சொல்கிறார்கள். ஜிஓஜி என்ற இன்னொரு கணினி கேம் கடை 2020 முதல், ஆடியிருந்தாலும் 30 நாள் தருகிறது. நான்கில் அதுதான் யோக்கியமான விதி.

கேமே பழுதென்றால் கதை வேறு. 'டவுன்லோட் ஆகிவிட்டது, 14 நாள் கடந்துவிட்டது' என்று பழுதான கேம்களுக்குப் பணம் தர மறுத்ததற்கும், பணத்துக்குப் பதிலாக ஸ்டோர் கிரெடிட் எடுத்துக்கொள்ளச் சொன்னதற்கும் சேர்த்து, பிளேஸ்டேஷனை நடத்தும் சோனியின் ஐரோப்பிய நிறுவனத்துக்கு 2020 ஜூனில் ஆஸ்திரேலிய ஃபெடரல் நீதிமன்றம் 35 லட்சம் ஆஸ்திரேலிய டாலர் அபராதம் விதித்தது. ஸ்டீமின் வால்வ் நிறுவனமும் 2016-இல் அதே நீதிமன்றத்தில் 30 லட்சம் டாலர் அபராதம் வாங்கியதுதான். கடையின் விதி நாட்டின் சட்டத்துக்கு மேல் இல்லை. எனவே முதல் பதில் 'இல்லை' என்று வந்தால், பழுதின் வீடியோவைச் சொல்லி, பிழைச் செய்தியை அப்படியே எழுதி மறுபடி அனுப்புங்கள். 'போர் அடிக்கிறது' என்று எழுதுவதற்கும் 'இரண்டாம் கட்டத்தில் ஒவ்வொரு முறையும் நின்றுபோகிறது' என்று எழுதுவதற்கும் வித்தியாசம் இருக்கிறது.

கோபத்தில் வங்கியைக் கூப்பிட்டு சார்ஜ்பேக் போடுவதை (கட்டணத்தை மறுத்து வங்கி வழியே பணத்தைத் திரும்ப வாங்குவதை)க் கடைசி ஆயுதமாக வையுங்கள். அனுமதியில்லாத கட்டணங்களை வங்கியில் மறுத்தவர்களின் கணக்குகளை, ஃபோர்ட்நைட் கேமின் நிறுவனமான எபிக் கேம்ஸ் பூட்டியது என்பது அமெரிக்க வர்த்தக ஆணையம் 2022-இல் வைத்த குற்றச்சாட்டுகளில் ஒன்று. அந்த வழக்கு 24.5 கோடி டாலரைத் திருப்பித் தருவதில் முடிந்தது. ஆனால் ஒரு 2,000 ரூபாய்க்காக, பல வருடம் சேர்த்த மொத்த லைப்ரரியையும் பணயம் வைப்பது உங்கள் தலையில்தான் விழும்.

பாதி விலைக்குக் கீ (கேமைக் கணக்கில் சேர்க்கும் குறியீடு) விற்கும் மறுவிற்பனைத் தளங்களில் வாங்கியதற்கு ஸ்டீம் பொறுப்பேற்காது. 2015 ஜனவரியில் இப்படி விற்கப்பட்ட ஃபார் கிரை 4 கேமின் கீகளை, அதை வெளியிட்ட யூபிசாஃப்ட் ரத்து செய்தது, காரணம் அவை மோசடிக் கார்டில் வாங்கப்பட்டவை. அப்படி நடந்தால் கீ விற்றவனிடம்தான் பணம் கேட்க வேண்டும். அந்த நேரத்தில் அவன் கடையில் இருக்கிறானா என்பது வேறு விஷயம்.