வியன்னா 8 மலட்டு ஈ: கேப் திராட்சைக்குப் பொருந்தும், டர்பன் கொல்லைக்குப் பொருந்தாது

டர்பனைச் சுற்றி சாட்ஸ்வொர்த், டொங்காட், வெருலம் பக்கம் கொய்யாவோ மாவோ இல்லாத கொல்லை குறைவு. புழுப் பிடிக்காத கொய்யா அதைவிடக் குறைவு. மேற்கு கேப்பில் திராட்சைத் தோட்டங்களில் விடுகிற மலட்டு ஆண் ஈயை நாமும் வாங்கி விடலாமே என்று பலர் கேட்கிறார்கள். மலட்டு ஆணோடு சேர்ந்த காட்டுப் பெண் ஈ (தானாகவே வெளியில் பெருகி வாழ்வது) இடும் முட்டை பொரிக்காது என்பதுதான் இதன் சூட்சுமம். சரக்கு அருமையானது. ஆனால் டர்பன் கொல்லைக்கு வாங்காதீர்கள்.

வியன்னா 8 என்பது மத்தியதரைக்கடல் பழ ஈயின் ஓர் இரகம். வியன்னாவுக்கு அருகே சைபர்ஸ்டோர்ஃபில் உள்ள பன்னாட்டு அணுசக்தி முகமையின் ஆய்வகத்தில் உருவானதால் இந்தப் பெயர். தென்னாப்பிரிக்காவில் ஸ்டெல்லன்போஷில் வளர்க்கிறார்கள். மேற்கு கேப்பின் திராட்சைப் பகுதியான ஹெக்ஸ் நதிப் பள்ளத்தாக்கில் மலட்டு ஈக்களை விடத் தொடங்கியது 1999-இல்.

இதன் கெட்டிக்காரத்தனம் ஆணையும் பெண்ணையும் பிரிப்பதில் இருக்கிறது. இரண்டு ஒடுங்கு மரபணு மாற்றங்கள் (இயல்பான படி ஒன்று கூட இருந்தால் வெளிப்படாதவை) இதில் உண்டு: ஒன்று கூட்டுப்புழுவை வெள்ளையாக்கும், மற்றொன்று வெப்பத்தில் முட்டையைக் கொல்லும். ஆணின் ஒய் குரோமோசோமோடு 5-ஆம் குரோமோசோமின் ஒரு துண்டு ஒட்டியிருக்கிறது. அந்தத் துண்டில் இரண்டு மரபணுக்களின் இயல்பான படிகளும் உள்ளன. ஆகவே ஆண் கூட்டுப்புழு பழுப்பு, பெண்ணுடையது வெள்ளை. முட்டைகளை 34 டிகிரி செல்சியஸ் நீரில் 24 மணி நேரம் வைத்தால் பெண் முட்டைகள் செத்துவிடும். பெண்ணை ஒழிப்பது வெறும் தீவனச் சிக்கனத்துக்காக இல்லை. மலட்டுப் பெண்ணும் பழத்தைக் குத்தும். புழு வராவிட்டாலும் திராட்சையில் குத்து விழுந்தால் விலை போயிற்று. அதோடு, பெண் கூட இருந்தால் மலட்டு ஆண் காட்டுப் பெண்ணைத் தேடிப் போகாமல் அதனோடேயே திருப்திப்பட்டுவிடும்.

வெள்ளைக் கூட்டுப்புழுவுக்குக் காரணமான மரபணுவை 2021-இல் கண்டுபிடித்தார்கள். கீழ்த்திசைப் பழ ஈ, பாகலையும் பூசணியையும் கெடுக்கும் ஈ ஆகியவற்றிலும் அதே மரபணுதான் அந்த நிறத்துக்குக் காரணம் என்பது பெரிய செய்தி. மற்ற ஈக்களிலும் இதே வழியில் இரகம் உருவாக்கக் கதவு திறந்திருக்கிறது.

குறைகளும் உண்டு. அரிதாக ஆண்களில் குரோமோசோம் துண்டுகள் இடம் மாறிவிடும். பிறகு பழுப்புக் கூட்டிலிருந்து பெண்ணும் வெள்ளைக் கூட்டிலிருந்து ஆணும் வரும். பெருந்திரள் வளர்ப்பில் இந்தக் கலப்பு தலைமுறைக்குத் தலைமுறை பெருகும். அதனால் சிறிய தாய்க்கூட்டம் ஒன்றைத் தனியே வைத்து, நிறம் பார்த்துக் கலப்பைக் களைந்து, அதன் வழித்தோன்றல்களை மட்டுமே பெருக்க வேண்டும். பெருக்கிய கூட்டத்தைத் தாய்க்கூட்டத்தில் திரும்பச் சேர்க்கவே கூடாது. இந்தச் சல்லடை வேலையில் சோம்பினால் மற்றதெல்லாம் வீண்.

ஈயை மலடாக்கும் கதிர்வீச்சு அடுத்துக் கவனிக்க வேண்டிய இடம். ஈ வெளிவர ஓரிரு நாள் இருக்கும்போது, கூட்டுப்புழுக்களைக் காற்றுப்புகாத பையில் அடைத்து, உள்ளிருக்கும் ஆக்சிஜன் தீர்ந்த பிறகு சுமார் 100 கிரே (கதிர்வீச்சு அளவின் அலகு) கொடுப்பார்கள். பை கசிந்தால் ஆக்சிஜன் இருக்கும்போதே கதிர் படும்; மலடாவதோடு ஈ நோஞ்சானாகவும் ஆகும். வழியில் வெயில் பட்டாலும் இதே கதிதான். சரக்கைச் சோதிக்க ஓர் எளிய வழி: 10 சென்டிமீட்டர் உயரக் கறுப்புக் குழாயின் உட்சுவரில் டால்கம் பொடி பூசி, அடியில் 100 கூட்டுப்புழுக்களை வையுங்கள். சுவரில் ஏற முடியாது, பறந்துதான் வெளியேற வேண்டும். உள்ளே தங்கியவற்றை எண்ணினால் தரம் தெரிந்துவிடும். பொறியில் விழுந்தது நாம் விட்டதா காட்டு ஈயா என்பதற்கு, ஒளிரும் சாயப்பொடி தலையில் ஒட்டியிருக்கிறதா என்று புற ஊதா விளக்கில் பார்ப்பார்கள்.

காட்டு ஈ மலிந்திருக்கும்போது இதை விடுவது காசைக் கரியாக்குவது. முதலில் இரைமருந்தால் (ஈயை ஈர்க்கும் தீனியில் கலந்த பூச்சிமருந்து) எண்ணிக்கையைக் குறைத்துவிட்டு, பள்ளத்தாக்கு முழுவதும் சேர்ந்து விட வேண்டும்.

நம் பக்கம் ஏன் ஆகாது? கடலோர குவாசூலு-நேட்டாலில் முக்கியத் தொல்லைகளில் ஒன்று நேட்டால் ஈ; அது மத்தியதரைக்கடல் ஈ அல்ல, வேறு இனம். மலட்டு ஆண் தன் இனப் பெண்ணோடு மட்டுமே சேரும். தவிர, ஒரு கொல்லையில் மட்டும் விட்டால், பக்கத்துத் தெருவில் ஏற்கெனவே இணைசேர்ந்த பெண் பறந்துவந்து முட்டையிட்டுப் போகும்.

கொல்லைக்காரர்களுக்குப் புரத இரைமருந்துதான். ஸ்பினோசாட் என்ற பூச்சிமருந்து கலந்ததைப் பெரிய துளிகளாக, நிழல் பக்க இலைகளில் மட்டும் அடியுங்கள். மழை கழுவிவிட்டால் மறுபடி அடிக்க வேண்டும். கொய்யா பச்சையாய்க் கல்லுப்போல இருக்கும்போதே உறை போட்டுவிடுங்கள். ஊறுகாய்க்குப் பச்சை மாங்காயாகவே பறித்துவிடுகிறவர்களுக்கு இந்தக் கவலை குறைவு. உதிர்ந்த பழத்தை உரக்குழியில் போடாதீர்கள், புழு அங்கேயே மண்ணில் இறங்கிக் கூடாகிவிடும். கறுப்பு பிளாஸ்டிக் பையில் இறுகக் கட்டி, இரண்டு வாரம் வெயிலில் போடுங்கள்.