தொண்டராசிரியர்களிடம் சந்தா திரட்டும் ஒரு 'சங்கம்' குறித்த எச்சரிக்கை

திருகோணமலை மாவட்டத்தில் தொண்டராசிரியராக இருக்கும் எவரும், நிரந்தர நியமனம் பெற்றுத் தருவதாகக் கூறும் சங்கம் ஒன்றுக்குப் பணம் கொடுப்பதற்கு முன் வாசிக்க வேண்டும் என்பதற்காக, எனக்கு நேர்ந்ததை எழுதுகிறேன்.

குச்சவெளிப் பக்கத்துப் பாடசாலை ஒன்றில் ஆறு ஆண்டுகளாகக் கணிதம் கற்பிக்கிறேன். ஆசிரியர் வெற்றிடத்தை நிரப்புபவள் நான், ஆனால் சம்பளப் பட்டியலில் என் பெயர் இல்லை. பாடசாலை அபிவிருத்திச் சங்கம் தரும் சிறு தொகை பஸ் கட்டணத்துக்கே போதாது.

உவர்மலையில் ஆளுநர் செயலகத்தின் முன் நாங்கள் நடத்திய கவனயீர்ப்புப் போராட்டத்தின் முடிவில்தான் அந்தச் சங்கத்தின் அமைப்பாளர் அறிமுகமானார். "தங்கச்சி, எங்கட பட்டியலில பேர் ஏறாட்டி அடுத்த நேர்முகத்துக்குக் கூப்பிட மாட்டாங்கள்" என்றார். உறுப்புரிமைக்கு 1,000 ரூபாய், பதினான்கு மாதங்களுக்கு மாதம் 300 ரூபாய், பின்னர் வழக்குச் செலவென்று 7,500 ரூபாய் என மொத்தம் 12,700 ரூபாய் கொடுத்தேன். பற்றுச்சீட்டுக் கேட்டபோது, கொப்பித் தாளில் முத்திரையோ இலக்கமோ இல்லாமல் எழுதித் தந்தார். அப்போதே எனக்கு உறைத்திருக்க வேண்டும்.

பணத்தைவிட நோகிறது வேறொன்று. பட்டியலுடன் இணைக்க வேண்டுமென்று அவர் கேட்டதால், பாடசாலைச் சம்பவத்திரட்டுப் புத்தகத்தில் என் சேவை பதியப்பட்ட பக்கத்தின் உறுதிப்படுத்திய பிரதியையும், அதிபர் தந்த சேவைக் கடிதத்தின் மூலப்பிரதியையும் அவரிடமே ஒப்படைத்தேன். தொண்டராசிரியர் ஒருவர் பாடசாலையில் இருந்தார் என்பதற்கு வரவுப் பதிவேடும் இவையுமே சாட்சி. வலயக் கல்வி அலுவலகம் ஆவணங்களைக் கேட்ட வாரத்திலிருந்து அவருடைய தொலைபேசி இயங்கவில்லை. அவர் தந்த வழக்கு இலக்கத்தை நீதிமன்றப் பதிவகத்தில் காட்டியபோது, அப்படியொரு வழக்கே இல்லை என்றார்கள்.

அதன் பின்னரே விசாரித்தேன். 1935ஆம் ஆண்டின் 14ஆம் இலக்கத் தொழிற்சங்கக் கட்டளைச் சட்டத்தின்படி, ஆகக் குறைந்தது ஏழு உறுப்பினர்கள் ஒப்பமிட்டு விண்ணப்பித்துத் தொழிற்சங்கத்தைப் பதிவு செய்ய வேண்டும். பதிவான சங்கத்தின் கணக்குப் புத்தகங்களைப் பார்வையிட உறுப்பினருக்கு உரிமையும் உண்டு. தொழில் திணைக்களத்தில் அந்தப் பெயரில் எந்தப் பதிவும் இருக்கவில்லை. 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவலறியும் உரிமைச் சட்டத்தின் கீழ், எந்தச் சங்கத்திடமிருந்தாவது பெயர்ப் பட்டியல் ஏற்கப்பட்டதா என்று கேட்டு விண்ணப்பித்தேன். 14 வேலை நாட்களுக்குள் தீர்மானத்தை அறிவிக்க வேண்டும் என்பது விதி. அதற்குள்ளேயே, அவ்வாறான பட்டியல் எதுவும் ஏற்கப்படவில்லை என்ற பதில் கிடைத்தது.

நியாயமாகச் சொன்னால், எல்லாச் சங்கங்களும் இப்படியல்ல. பதிவுபெற்ற ஆசிரியர் சங்கமொன்றின் கிளைக்குச் சென்றபோது, நியமனம் பெற்றவர்களையே தாங்கள் உறுப்பினராகச் சேர்ப்பதாக ஒளிவுமறைவின்றிக் கூறிவிட்டு, ஒரு சதமும் வாங்காமல் என் முறையீட்டுக் கடிதத்தைத் திருத்தித் தந்தார்கள்.

பொலிஸ் நிலையத்தில் முறைப்பாடு செய்துள்ளேன்; இன்னும் இருவர் என்னுடன் வந்து ஒப்பமிட்டார்கள். அதே கொப்பித் தாள் பற்றுச்சீட்டு வைத்திருப்பவர்கள் அதனைக் கிழித்தெறியாமல் கொண்டுவந்து முறைப்பாட்டில் சேர்ந்துகொள்ளுங்கள். அதிபர் மாற்றலாகிப் போய்விட்டதால், என் சேவைக் கடிதத்துக்கு இரண்டாவது பிரதி பெற அவருடைய புதிய பாடசாலைக்கு அலைந்துகொண்டிருக்கிறேன்.